‘வெறும் விரல் வித்தை’ என்னும் வசை

2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் ‘கன்ஸ் அன்ட் ரோஸஸ்’ குழுவினரின் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, மங்கலான ஒரு புகைப்படத்தை இங்கே பகிர்ந்திருந்தேன். அதன்கீழ், நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் மூன்று வரிகளில் தீர்ப்பு எழுதினார். அறுபதைத் தொட்டவர்களின் பழம்பெருமைச் சந்தை அது. அங்கே இருப்பது இசையன்று, வெறும் விரல் வித்தை. மொழியியல் படித்தவருக்கு மேலைநாட்டு இரைச்சலில் என்ன வேலை? விருப்பக்குறி இட்டவர்களில் என் வகுப்புத் தோழர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

அந்தக் குழுவுக்காக வழக்காட நான் வரவில்லை. நாற்பதாண்டுகளாகத் திடல்களை நிரப்பிவரும் அவர்களுக்கு என்னுடைய வக்காலத்து தேவையில்லை. ஆனால் அந்த மூன்று வரிகளுக்குள் நம் பல்கலைக்கழகங்களின் பழைய நோய் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். பின்னூட்டத்தில் அடங்காது என்பதால் தனிப்பதிவாக எழுதுகிறேன். மூத்தவர் பொறுத்தருள்க.

முதலில் ‘பழம்பெருமைச் சந்தை’ என்ற குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை உண்டு. கட்டணத்துக்கேற்ப வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட கூட்டம் அது. ஆய்வு உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிடும் என்னைப் போன்றவர்கள் நின்ற இடத்திலிருந்து மேடை கையகலமே தெரிந்தது. திரைகளை நம்பித்தான் பார்த்தோம். பழைய பாடல்களே பெரிதும் எதிர்பார்க்கப்பட்டன என்பதும், சட்டைகளும் தொப்பிகளும் விற்கப்பட்டன என்பதும் மெய். அவற்றை நான் மறைக்கவில்லை.

ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள். இக்குழுவின் முதல் ஆல்பமான ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்’ 1987-இல் வெளிவந்தது. அப்போது நான் பிறக்கவே இல்லை. என் அருகில் நின்று தொண்டை கிழியப் பாடிய கல்லூரி மாணவர்கள் என்னினும் இளையவர்கள். வாழ்ந்திராத காலத்துக்காக ஒருவர் ஏங்குவது எப்படி? அவர்களை அங்கே இழுத்து வந்தது நினைவு அன்று. இன்றும் அந்த ஒலிக்கு இருக்கும் ஆற்றல்.

வயதைப் பற்றிய ஏளனம் இன்னும் விநோதமானது. பண்டிட் ரவிசங்கர் தம் 92-ஆம் வயதில், 2012 நவம்பரில், கலிபோர்னியாவில் மேடையேறினார். அதைப் பழுத்த ஞானம் என்று போற்றினோம், போற்றியது சரியே. செம்மங்குடி சீனிவாச ஐயர் முதுமையிலும் பாடியபோது, குரல் தேய்ந்த இடங்களையும் அனுபவத்தின் தடங்களாகக் கேட்டோம். அறுபதை நெருங்கும் கிதார்க் கலைஞரை மட்டும் ‘கிழவர்’ என்கிறோம். ஒரே முதுமை. ஒரு மரபுக்கு ‘பழுத்தல்’ என்ற சொல்லையும் இன்னொரு மரபுக்கு ‘காலாவதி’ என்ற சொல்லையும் வழங்குவது யார்? சொற்தேர்வில் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைக் கண்டுபிடிக்கத்தானே வகுப்பறையில் எங்களுக்குக் கற்பித்தீர்கள்?

பாடகர் ஆக்ஸல் ரோஸின் குரல் பழையபடி இல்லை என்பது உண்மைதான். ஒலியியல் படித்தவருக்கு அதில் வியப்பேதுமில்லை. குரல்நாண்கள் உயிருள்ள தசையும் சவ்வும். வயதேற ஏற அவற்றின் நெகிழ்ச்சி குறையும். அறுபத்து மூன்று வயது மனிதர் இருபத்தைந்து வயதில் தாமே கட்டிய உயரங்களை மீண்டும் ஏற முயல்கிறார். சில இடங்களில் ஏறினார். சில இடங்களில் வழுக்கினார். மறுநாள் அந்த வழுக்கல்களை மட்டும் வெட்டி ஒட்டிச் சிரித்தவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. என் சினத்தின் மையம் இதுவே: ‘வெறும் விரல் வித்தை.’

வித்தை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘அறி’ என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து தமிழுக்கு வந்த சொல் அது. வித்துவானும் வித்தியாலயமும் அதன் உடன்பிறப்புகள். அகராதியைத் திறந்தால் கல்வி, அறிவு என்ற பொருள்களும், கூடவே மாயம், தந்திரம் என்ற பொருள்களும் நிற்கும். கட்டடத்துக்குள் இருந்தால் வித்தியாலயம். தெருவில் கயிற்றின்மேல் நடந்தால் வித்தை காட்டுதல். புத்தகத்தைப் பிடித்த கைக்கு ஒரு பொருள், கயிற்றைப் பிடித்த கைக்கு இன்னொரு பொருள். சொல் இறங்கிய படிக்கட்டுகளைப் பார்த்தால், அறிவு என்பதை யார் யாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்பது விளங்கும். அந்தச் சொல்லோடு ‘வெறும்’ என்ற அடையையும் சேர்த்தவர் தாம் எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த ‘வெறும்’ விரல்கள் செய்வது என்ன? கிதாரில் ஒரு தந்தியை அழுத்தி மீட்டினால் அந்த மெட்டுக்குரிய சுரம் கேட்கும். அதே தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடிச் சுரம் மேலேறும். வீணையில் தந்தியை ஒதுக்கி இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதே இயற்பியல்தான். தள்ளத் தொடங்கிய கணத்திலிருந்து மெட்டு துணைக்கு வராது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்குக் காதைத் தவிர வேறு சாட்சி இல்லை. சற்றே குறைந்தால் சுரம் சோரும். சற்றே மிகுந்தால் கீறும். போய்ச் சேர்ந்த இடத்தில் தந்தியைப் பிடித்துக்கொண்டே அதை நடுங்கவைக்க வேண்டும். நடுக்கத்தின் அகலமும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்லாஷ் இழுக்கும் ஒற்றைச் சுரத்தைக் கேட்டே அது அவர் என்று அறிகிறோம். தொலைபேசியில் ஒருவர் ‘ம்’ என்றவுடன் யாரென்று அறிவதைப்போல. என் ஆய்வகத்தில் பேச்சின் ஏற்ற இறக்கங்களைக் கணினித் திரையில் கோடுகளாக வரைந்து, ஒருவருடைய வினாவும் வியப்பும் எங்கே பிரிகின்றன என்று மாதக்கணக்கில் அளந்துகொண்டிருக்கிறேன். அன்றிரவு கேட்டவை அதே கோடுகள். அவற்றை வாய்க்குப் பதில் விரல்கள் வரைந்தன.

‘வேகமாக வாசிப்பது உணர்ச்சியாகுமா?’ என்பது அடுத்து வரும் வழக்கமான கேள்வி. இதைக் கேட்கும் நாம் ஒவ்வொருவரும் இயல்பான பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகளை உதிர்க்கிறோம். நாக்கு, உதடு, அண்ணம், குரல்வளை அனைத்தும் மில்லிநொடிக் கணக்கில் ஒத்திசைந்தால்தான் ‘சாப்பிட்டாயா’ என்ற ஒரு சொல் பிறக்கும். அன்போடு அதைக் கேட்கும் தாயை ‘வெறும் நாக்கு வித்தை’ என்று யாரும் இகழ்வதில்லை. அவள் நாக்குக்கு அந்தத் திறன் வாய்த்திராவிட்டால் அன்பு வெளியே வர வழியே இருந்திராது. உணர்ச்சி ஒரு பக்கம், திறன் மறுபக்கம் என்று பிரிப்பவர்கள், பேசக் கற்கும் குழந்தையை ஒருமுறை உட்கார்ந்து கவனித்ததில்லை. ஒரே அசையை நூறுமுறை உருட்டுவது அதன் பயிற்சி. அந்த உருட்டலிலிருந்துதான் ‘அம்மா’ வருகிறது.

இதற்கு அந்தக் குழுவிலிருந்தே சான்று தரமுடியும். 1988-இல் அமெரிக்காவின் பாடல் வரிசையில் முதலிடம் பெற்ற ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ பாடலின் தொடக்க இசை, விரல் பயிற்சிபோல ஸ்லாஷ் விளையாட்டாக வாசித்துக்கொண்டிருந்த ஒன்று என்று அவரே நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அதன் அமைப்பை உற்றுக் கேளுங்கள். எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரு கட்டு திரும்பத் திரும்ப வருகிறது. பின்னுள்ள ஏழும் அப்படியே நிற்க, முதல் சுரம் மட்டும் மாறுகிறது. முதல் சுரம் மாறியதும் மீதி ஏழின் நிறமே மாறிவிடுகிறது. மொழியியலின் முதல் வகுப்பில் எங்களுக்குக் கற்பிப்பது இதைத்தானே? படம், கடம், தடம், வடம். ஓர் ஒலி மாற, மற்றவை நிற்க, பொருள் வேறாகிறது. ஒலியன் என்ற கோட்பாட்டை இப்படித்தான் நிறுவுகிறோம். நாம் கரும்பலகையில் எழுதினால் அது கோட்பாடு. அவர் தந்தியில் எழுதினால் அது வித்தையா?

அன்றிரவு அந்த எட்டுச் சுரங்கள் எழுந்தபோது, மராத்தியும் இந்தியும் மலையாளமும் பேசிக்கொண்டிருந்த பெருங்கூட்டம், பாடகர் வாய் திறக்குமுன்பே அவற்றைச் சொல்லின்றிப் பாடியது. ஸ்லாஷின் முகம் தெரியவில்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சுருண்ட முடியும் அதை மறைத்திருந்தன. உணர்ச்சியை முகத்தில் காட்டும் வசதியை அவர் தமக்கு அளித்துக்கொள்வதில்லை. திரையில் நாங்கள் கண்டதெல்லாம் ஓர் இடக்கை. அது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது குற்றச்சாட்டு, ‘மேலைநாட்டு இரைச்சல்.’ இதற்கு நெடிய விடை தேவையில்லை. இன்று கர்நாடக இசை மேடையில் வயலின் இல்லாத கச்சேரி அரிது. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் அது கடல் கடந்து வந்த விருந்தாளி. மாண்டலின் சீனிவாஸ் மின்கருவியோடு வந்தபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பிரிஜ் பூஷண் கப்ரா கிதாரில் இந்துஸ்தானி வாசித்து, சிவகுமார் சர்மாவோடும் ஹரிபிரசாத் சௌராசியாவோடும் ஆல்பம் வெளியிட்டது 1967-இல். ஷில்லாங்கில் லூ மஜாவ் 1972 முதல் பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடி வருகிறார். அதே ஊரின் ரூடி வாலங் புளூஸ் வாசிப்பதைக் கேட்டவர்கள், அந்தக் கிதார் காசி மலைகளுக்கு அந்நியம் என்று சொல்லமாட்டார்கள். கிதாரை அந்நியம் என்று தள்ளும்போது, வடகிழக்கின் பல தலைமுறைகளை இந்தியாவிலிருந்து சேர்த்தே தள்ளுகிறோம். தேசியம் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் இதையும் ஒரு பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, மூன்று வரிகளும் நிற்கவில்லை. ஆனால் இதை எழுதத் தூண்டியது அந்த வரிகளைவிட ஆழமான ஒன்று.

கையால் அறிபவரை அறிவாளியாக ஏற்க மறுப்பது நம் சமூகத்தின் மிகப் பழைய பழக்கம். அதற்குச் சாதி என்று பெயர். மிருதங்கம் வாசிப்பவர் வித்துவான்; அதற்குத் தோல் தேர்ந்து, வார் பிடித்து, நாதம் கூட்டித் தருபவர் நெடுங்காலம் பெயரற்றவர். டி. எம். கிருஷ்ணா 2020-இல் மிருதங்கம் செய்வோரைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்ற நூலை எழுதவேண்டி வந்ததே, அவ்வளவு காலம் நாம் காத்த மௌனத்தின் அளவைச் சொல்லும். ‘இளைய நிலா’ பாடலின் கிதாரை முணுமுணுக்காத தமிழர் குறைவு. அதை வாசித்த ஆர். சந்திரசேகரின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? ‘அப்பெடைட்’ ஆல்பத்தில் கேட்கும் கிதார்கூட, பெரிய தொழிற்சாலையின் அசல் படைப்பன்று. கிப்சன் லெஸ் பால் கிதாரை அடியொற்றி கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல். ஆல்பம் வெளிவந்த 1987-ஆம் ஆண்டிலேயே அவர் புற்றுநோயால் இறந்துபோனார். தம் கை செய்த கருவி உலகமெங்கும் ஒலித்ததை அவர் கேட்கவில்லை.

மற்றவர்களைக் குற்றஞ்சாட்டியது போதும். இனி என் முறை.

என் களப்பணி ஆதிலாபாத் பகுதியில். அங்கே கோண்டர்களின் குலக்கதைகளைப் பாடுபவர்கள் பர்தான்கள். மூன்று தந்திகள் கொண்ட ‘கிக்ரி’ என்னும் கருவியை வில்லால் இழைத்துக்கொண்டு பாடுவார்கள். ஈராண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், எழுபதைக் கடந்த ஒரு பாணரைப் பதிவுசெய்யப் போயிருந்தேன். கதையைத் தொடங்குமுன் அவர் கருவியைச் சுருதி கூட்டினார். பிறகு சொல் ஏதுமின்றி வாசித்தார். வாசித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வேண்டியவை வாக்கியங்கள். சேமிப்பு அட்டையில் இடம் குறைவு, மின்கலமும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துவிட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வாசிப்பு முடிந்து அவர் வாய் திறந்ததும் மீண்டும் இயக்கினேன். என் ஆய்வேட்டின் அட்டவணையில் அவர் ‘தகவலாளி 7’. வயது, பால், தாய்மொழி, கல்வி என்று நான்கு கட்டங்கள். கல்வி என்ற கட்டத்தில் நான் எழுதியிருப்பது ‘இல்லை’.

மும்பைத் திடலில் முகம் தெரியாத ஒரு மனிதரின் இடக்கையைத் திரையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கு நினைவு வந்தது அந்த மாலைதான். ஒரு கலைஞரின் விரல்களைக் காண்பதற்காக ஐதராபாத்திலிருந்து இரவு ரயிலேறி, மே மாதப் புழுக்கத்தில் மணிக்கணக்காக நின்றேன். இன்னொரு கலைஞர் எனக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் அமர்ந்து வாசித்தபோது பொத்தானை அழுத்தி அணைத்தேன். ‘வெறும் வித்தை’ என்று நான் சொல்லவில்லை, செய்தேன். மூத்தவரின் பின்னூட்டம் என்னை இவ்வளவு சுட்டதற்குக் காரணம், அதில் என் குரலையே கேட்டதுதான்.

இது என் தனிப்பட்ட மறதி மட்டுமன்று. நம் முறைமையே இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. சொல்லைத் தருபவர் ‘தகவலாளி’, சொல்லை ஆராய்பவர் ‘அறிஞர்’. கதைப்பாடலின் வாக்கிய எல்லையை அந்தப் பாணரின் வில் எங்கே நிறுத்துகிறது என்பதைப் பதிவுசெய்திருந்தால், என் ஆய்வின் மைய வினாவுக்கே அது சான்றாகியிருக்கும். மூச்சு நிற்கும் இடமும் வில் திரும்பும் இடமும் ஒன்றா, வேறா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நானே அணைத்துவிட்டேன். கைத்திறனை இகழ்வது அறம் சார்ந்த பிழை மட்டுமன்று. அது மோசமான ஆய்வும்கூட.

தமிழில் ‘கைவந்த கலை’ என்று ஒரு வழக்கு உண்டு. ஒன்றை முழுமையாக அறிந்துவிட்டோம் என்பதைச் சொல்ல நம் மொழி தேர்ந்த உறுப்பு தலையன்று, கை. நம் முன்னோருக்குத் தெரிந்திருந்த இந்த எளிய உண்மை, பட்டங்களின் நடுவே நமக்கு எங்கோ தொலைந்திருக்கிறது.

ஆகவே நண்பர்களே, சில கோரிக்கைகள். களப்பதிவுகளில் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒலிப்பவற்றை வெட்டி எறியாதீர்கள். பேசுபவரின் ஒப்புதல் இருந்தால், எண்ணுக்குப் பதில் பெயரை எழுதுங்கள். இருபதாண்டு பறை வாசித்தவரையோ நாதசுரச் சீவாளி செய்தவரையோ வகுப்பறைக்கு அழைக்கும்போது, இடைவேளையில் ‘நிகழ்ச்சி’ நடத்த அழைக்காமல், பாடம் நடத்த அழையுங்கள்; விருந்துப் பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத இசையைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அதை வாசிப்பவரின் அறிவை ‘வெறும்’ என்ற ஒற்றை அடையால் தள்ளிவிடும் உரிமை யாருக்கும் இல்லை.

மூத்தவருக்கு ஒரு சொல். உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் இத்துறைக்கு வந்தேன். அந்த நன்றி குறையவில்லை. அடுத்த முறை யாரேனும் கிதார் வாசிக்கும்போது, இரைச்சல் என்று எழுந்துபோகுமுன் அவருடைய இடக்கையை ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகும் ‘வெறும் வித்தை’ என்றே தோன்றினால், என்னோடு மீண்டும் வழக்காடுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஆதிலாபாத்துக்குப் போகிறேன். இம்முறை இரண்டு மின்கலங்கள், இரண்டு சேமிப்பு அட்டைகள். அவர் இன்னும் வாசிக்கும் நிலையில் இருக்கிறார் என்று ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு, அவர் இசைந்தால், அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு என்ன எழுதலாம் என்று அவரையே கேட்க வேண்டும்.